இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனது யார்?

41 பேர் பதில் அனுப்பியிருந்தார்கள். அதில் 36 பேருக்கு எங்கள் குறும்படத்தின் போஸ்டர் 'மிகவும் பிடித்திருந்தது'. மீதி ஐந்து பேருக்குப் 'பிடித்திருந்தது'. 'பிடிக்கவில்லை' என்ற வட்டத்தை ஒருவர்கூடத் தொடவில்லை. கூகுள் ஃபார்ம் அதைத் தானாகவே படம் போட்டுக் கொடுத்துவிட்டது. நீல நிறத்தில் ஒரு தோசை, ஓரத்தில் யாரோ ஒரு வாய் பிய்த்துத் தின்ற மாதிரி ஒரு சிவப்புத் துண்டு. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெருமையாக மேடத்திடம் போய் நின்றோம்.

மேடம் தாளை ஒரு நிமிடம் பார்த்தார். "இந்த 41 பேர்ல எத்தனை பேர் உங்க படத்துல வேலை பாத்தவங்க?" என்றார்.

வெளியே வந்து எண்ணிப் பார்த்தோம். படத்தில் நடித்தவர்கள், லைட் பிடித்தவர்கள், சாப்பாடு வாங்கி வந்தவர்கள் எல்லாம் சேர்த்து ஒன்பது பேர். மற்றவர்களில் பாதிப் பேர் வகுப்புத் தோழர்கள். அவர்கள் படத்துக்கு நாங்களும் 'மிகவும் பிடித்திருந்தது' போட்டிருந்தோம், கொடுக்கல் வாங்கல் கணக்கு. ஒரு பதில் என் சித்தி பையனுடையது. இன்னொன்று நானே போட்டது.

2020 பிப்ரவரியில் நடந்தது இது. மதுரையில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், கடைசி செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தோம். நான்கு பேர் சேர்ந்த குழுவுக்கு ஒரு புராஜெக்ட். குறும்படம் எடுத்தால் மட்டும் போதாது, அதற்குப் போஸ்டர், டீசர், பத்திரிகைக் குறிப்பு எல்லாம் தயார் செய்து, மார்ச் 20 அன்று கல்லூரி ஆடிட்டோரியத்தில் திரையிடலுக்கு ஆட்களை வரவைக்க வேண்டும். விளம்பர வேலைக்குத் தனி மதிப்பெண். அதற்குள்ளேயே 'பார்வையாளர் கருத்தைக் கேட்டு, அதன்படி என்ன மாற்றினீர்கள்' என்று ஒரு அத்தியாயம் எழுத வேண்டும். படம் எடுப்பதைவிட அந்த அத்தியாயம்தான் சுலபமாக முடியும் என்று நினைத்திருந்தோம்.

படத்தின் கதை இதுதான். தெருவோரம் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஒருவர் தேய்க்க வந்த சட்டையின் பையில் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறார். அது தவறான ஆள் கைக்குப் போனால் ஒரு வீட்டில் சண்டை வரும் போலிருக்கிறது. திருப்பிக் கொடுப்பதா, கிழித்துப் போடுவதா, மடித்து வைத்தபடியே விட்டுவிடுவதா என்று அவர் படும் பாடுதான் 14 நிமிடம். சிரிப்பும் கொஞ்சம் கலங்கலுமாக இருக்க வேண்டும் என்று எடுத்தோம். பெயர் 'கஞ்சி'. சட்டைக்குப் போடும் கஞ்சி. விறைப்பாக நிற்கிற ஒரு மனிதன் தளர்கிற கதை என்பதால் அந்தப் பெயர். எங்களுக்கு அது பெரிய இலக்கியமாகத் தெரிந்தது.

போஸ்டரும் அப்படித்தான். இருட்டில் ஒரு வெள்ளைச் சட்டை. அதன்மேல் பழைய கரிப் பெட்டி. பெட்டியின் ஓட்டை வழியே கங்கு சிவப்பாகத் தெரியும். மனிதர் யாரும் கிடையாது. கேமரா பார்த்த நண்பன் அந்தச் சிவப்பைப் பிடிக்க மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தான்.

சரி, தெரிந்தவர்களிடம் கேட்டால் பயனில்லை என்றால் தெரியாதவர்களிடம் கேட்போம் என்று முடிவு செய்தோம். எங்கே போவது? எடிட்டிங் பார்த்த தோழிதான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைச் சொன்னாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு நேரம் நிறைய, நம்மைத் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் அவர்களுக்குக் கொஞ்சமும் இல்லை. அவள் இன்னொன்றும் செய்தாள். 'பிடித்திருக்கிறதா?' என்ற கேள்வியை எடுத்துவிட்டாள். அதற்குப் பதில் ஒரே கேள்வி: 'இது என்ன கதைனு நினைக்கிறீங்க?'

அந்த மாற்றம் எங்கள் புராஜெக்டையே புரட்டிப் போட்டது. 'பிடித்திருக்கிறதா' என்று கேட்டால் மனிதர்கள் நம்மைப் பற்றிப் பதில் சொல்கிறார்கள். பையன் கஷ்டப்பட்டிருக்கிறான், முகம் வாடக் கூடாது. 'என்ன கதை' என்று கேட்டால் போஸ்டரைப் பற்றிப் பேச வேண்டியதாகிவிடுகிறது. நம்மைத் திருப்திப்படுத்துகிற பதில் எது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் பொய் சொல்ல வழியில்லை.

முதலில் கேட்டது திருநெல்வேலி பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவரிடம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பஞ்ச காலத்துக் கதையா?" என்றார். அடுத்து ஒரு அக்கா, "கஞ்சித் தொட்டி போராட்டமா தம்பி, நெசவாளர் படமா?" பிறகு மூன்று காலேஜ் பையன்கள். பெயரைப் படித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். இருபத்து மூன்று பேரிடம் கேட்டதில் சட்டைக்குப் போடும் கஞ்சி என்று சொன்னவர்கள் இரண்டே பேர். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல்.

தலைப்பு போனது போகட்டும். படத்தின் தொனியைப் பற்றி வந்த பதில்தான் எங்களை உலுக்கியது. 'கொலை', 'பேய்', 'பழிவாங்கல்', 'சைக்கோ'. சிரிக்கிற கதை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கேமரா நண்பன் உடனே, "கலர்தான் காரணம், சிவப்பைக் குறைச்சிடலாம்" என்றான். தோழி, "ஃபான்ட் கூர்மையா இருக்கு" என்றாள். நான் பின்னணி இருட்டைக் குறை சொன்னேன். ஆளுக்கு ஒன்றை மாற்றி மூன்று போஸ்டர் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினோம். பளீரென்ற மஞ்சள் பின்னணியிலும் அது கொலைப் படமாகவே இருந்தது.

படம் எடுக்க வண்டியைக் கொடுத்த இஸ்திரிக்கார அக்காவிடம் பாக்கிப் பணம் கொடுக்கப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரு நாளைக்கு 500 ரூபாய் தருவதாகப் பேசியிருந்தோம். ஷூட்டிங் அன்று வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடி, துணி கொடுக்க வந்தவர்கள் திரும்பிப் போனதும் அதை 700 ஆக்கிவிட்டார். நியாயம்தான். 'ஆக்‌ஷன்' என்று நான் கத்தும்போதெல்லாம் அவர் வாய்க்குள் சிரிப்பதையும் பார்த்திருக்கிறேன். அவரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. போஸ்டர் கையில் இருந்ததைப் பார்த்து அவரே வாங்கிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, சட்டை மேல பெட்டிய வச்சுட்டு எங்க போனாரு அந்த ஆளு?"

புரியாமல் நின்றேன்.

"சட்டை பொசுங்கிப் போயிரும்ல? பெட்டியத் துணி மேல விட்டுட்டு ஒருத்தரும் நகர மாட்டோம். கண்ணசந்தாக்கூடச் செங்கல்லு மேல தூக்கி வச்சுட்டுத்தான். இப்பிடி விட்டுட்டுப் போயிருக்காருன்னா ஒண்ணு அவரு விழுந்துட்டாரு, இல்ல யாரோ இழுத்துட்டுப் போயிட்டாங்க."

அவ்வளவுதான் விஷயம். அத்தனை பேருக்கு அது கொலைப் படமாகத் தெரிந்ததற்குச் சிவப்பும் காரணமில்லை, ஃபான்டும் காரணமில்லை. சூடான பெட்டி துணிமேல் கிடக்கிறது, பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கை இல்லை. இஸ்திரி போட்டுப் பழகிய எந்த வீட்டிலும் அது ஆபத்தின் படம். அடுப்பில் பால் பொங்கி வழிய, சமையலறையில் ஆள் இல்லாத மாதிரி. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது வயிற்றில் உறைத்திருக்கிறது, வாயில் 'கொலை' என்று வந்திருக்கிறது. ஏன் என்று அவர்களைக் கேட்டிருந்தால் அவர்களும் 'சிவப்பா இருக்குல்ல' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நோய் எங்கே என்று பார்வையாளர் சரியாகச் சொல்லிவிடுவார். மருந்து சொல்வது அவர் வேலை இல்லை. அவர் சொல்லும் மருந்தை அப்படியே வாங்கி ஊற்றினால் மூன்று மஞ்சள் போஸ்டர்தான் மிஞ்சும்.

தியரி வகுப்பில் ஸ்டூவர்ட் ஹால் என்ற ஊடக ஆய்வாளரைப் படித்திருந்தோம். பர்மிங்ஹாமில் இருந்துகொண்டு 1973இல் அவர் எழுதியது. செய்தியை உருவாக்குகிறவர் ஒரு பொருளை வைத்து அனுப்புகிறார், பெறுகிறவர் தன் வாழ்க்கையை வைத்து அதைப் பிரித்துப் படிக்கிறார், இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அனுப்பியவர் நினைத்தபடி படிப்பது, பாதி ஏற்றுப் பாதி மறுப்பது, எதிராகவே படிப்பது என்று மூன்று வகை. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இதை மனப்பாடம் செய்து எழுதி நாலரை வாங்கியிருக்கிறேன். இஸ்திரி வண்டி முன்னால் நின்ற அன்றுதான் அது மண்டைக்குள் போனது.

அந்த வாரம் ஹாஸ்டலில் எங்களுக்குள் பெரிய சண்டை. பார்க்கிறவன் சொல்கிறான் என்பதற்காக எடுப்பவன் மாற்றலாமா? கேமரா நண்பன் கூடாது என்ற கட்சி. அவன் பக்கம் உதாரணம் இருந்தது. 1987இல் வந்த 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' படத்துக்கு முதலில் எடுத்த முடிவு வேறு. கல்யாணமான ஒருவனோடு பழகிவிட்டு அவனை விடாமல் துரத்துகிற பெண் அதில் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வாள். முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்களுக்கு அது பிடிக்காததால் அவளை அவன் மனைவி சுட்டுக் கொல்வதாக மறுபடி எடுத்தார்கள். அந்தப் பெண்ணாக நடித்த கிளென் குளோஸ் அதைக் கடுமையாக எதிர்த்துப் பார்த்திருக்கிறார். படம் பெரிதாக ஓடியது, ஆனால் அந்தக் கதாபாத்திரம் வெறும் பேயாகிவிட்டது என்பது நண்பனின் வாதம். எனக்கும் அதில் பாதி சம்மதம்.

தோழியின் உதாரணம் அந்த மாதம்தான் தியேட்டருக்கு வந்திருந்தது. வீடியோ கேமை வைத்து எடுத்த 'சோனிக்' படத்தின் ட்ரெய்லர் 2019 ஏப்ரல் கடைசியில் வெளியானபோது, அந்த நீல முள்ளெலிக்கு மனிதப் பல் வைத்திருந்ததைப் பார்த்து உலகமே கதறியது. இரண்டு நாளில் இயக்குநர், உருவத்தை மாற்றுகிறோம் என்று அறிவித்தார். நவம்பரில் வர வேண்டிய படத்தைத் தள்ளிவைத்து 2020 பிப்ரவரி 14 அன்று வெளியிட்டார்கள். "கதையை மாத்தல, முகத்தை மாத்துனாங்க. போஸ்டர் நம்ம படத்தோட முகம்தானே" என்றாள். அதற்கு மேல் எங்களால் பேச முடியவில்லை. படம் வேறு, படத்துக்கு அழைக்கிற குரல் வேறு. படத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நாங்கள் பிடிவாதமாக இருக்கலாம். அழைக்கிற குரலே தப்பாகக் கேட்டால் குற்றம் எங்களுடையது.

போஸ்டரில் ஒரு கையை வைத்தோம். அக்காவின் வீட்டுக்காரர் கை. காப்புக் காய்த்து, கட்டை விரலில் பழைய சூட்டுத் தழும்போடு. பெயரை 'மடிப்பு' என்று மாற்றினோம். சட்டைக்கும் பொருந்தும், கடிதத்துக்கும் பொருந்தும், யாரும் சிரிக்கவும் மாட்டார்கள்.

மறுபடி மாட்டுத்தாவணி. இந்த முறை யாரும் கொலை என்று சொல்லவில்லை. "எங்க இருக்கு கடை? சட்டைக்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள்.

சத்தியமாக. இஸ்திரிக் கடை விளம்பரம் என்றே நினைத்துவிட்டார்கள். 'மடிப்பு' என்ற பெயர் வேறு கடைப் பெயர் மாதிரியே அமைந்துவிட்டது. ஒருவர் வீட்டுக்கே வந்து துணி எடுத்துக்கொள்வீர்களா என்று நம்பர் கேட்டார். ஆபத்தை முழுசாகத் துடைத்ததில் கதையும் சேர்ந்து போய்விட்டது. மூன்றாவது போஸ்டரில் அதே கை, அதே பெட்டி. ஆனால் பெட்டி சட்டைப் பைக்கு இரண்டு விரல் தள்ளி நின்றுவிட்டது, பையிலிருந்து ஒரு தாளின் மூலை எட்டிப் பார்க்கிறது. அந்தக் கடைசி மாற்றம் யாரும் சொல்லி வரவில்லை. அப்படியும் அது பஸ் ஸ்டாண்டில் நின்றதால் வந்ததுதான்.

அதைப் பார்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பேப்பர்ல என்ன இருக்கு?"

டீசரில் கடிதத்தைக் காட்டிவிடுங்கள் என்று நிறையப் பேர் சொன்னார்கள். கேமரா நண்பனே மனம் மாறி, ஒரு வரியாவது காட்டலாம் என்றான். அங்கே மட்டும் நான் அசையவில்லை. காரணம் எங்கள் தாத்தாவின் தகரப் பெட்டி. அதில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் கிடக்கும், எண்ணெய்க் கறையோடு. முதல் பக்கங்களில் கதைச் சுருக்கம் போட்டிருப்பார்கள். கதாநாயகிக்கு என்ன ஆயிற்று, குழந்தை கிடைத்ததா என்று நெஞ்சு படபடக்கிற இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருப்பார்கள். சின்ன வயதில் அந்த வரியைப் பார்த்து எனக்கு அழுகையே வந்திருக்கிறது. அந்தப் படங்கள் எல்லாம் எங்கள் ஊர்த் தியேட்டரை விட்டுப் போய் நாற்பது வருடமாகியிருந்தது, எந்த வெள்ளித்திரையில் போய்க் காண்பது! ஆனால் டீசர் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது அந்தப் புத்தகங்கள்தான். பார்வையாளர் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறார் என்றால் சில சமயம் அதைக் கொடுக்காமல் இருப்பதே சரியான பதில்.

டீசருக்கு இன்னொரு விதமாகக் கருத்துச் சேகரித்தோம். வாயால் எதுவும் கேட்கவில்லை. போனைக் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 70 விநாடி டீசர். முதல் பதினோரு விநாடி கல்லூரிச் சின்னம், துறையின் பெயர், 'வழங்கும்', 'பெருமையுடன்' எல்லாம் சுழன்று சுழன்று வரும். ஆறாவது விநாடியிலேயே விரல் திரைக்கு வந்துவிடும். தள்ளிவிடலாமா வேண்டாமா என்று அந்த விரல் காற்றில் தயங்கி நிற்பதைப் பார்ப்பது எங்களுக்குப் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது மாதிரி இருந்தது. நாங்கள் பக்கத்தில் நிற்கிறோமே என்று மரியாதைக்காகத் தள்ளாமல் இருந்தவர்கள்தான் பெரும்பாலோர். வீட்டில் தனியாக இருந்தால் அந்த மரியாதைக்கு இடமில்லை.

சின்னத்தைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்று போய்க் கேட்டதும் துறைத் தலைவருக்குக் கோபம். "காலேஜ் பேரு முன்னாடி வர்றதுல உங்களுக்கு என்னப்பா கஷ்டம்?" என்றார். நாங்கள் பேசாமல் போனை அவர் கையில் கொடுத்து, வேறு ஏதோ கல்லூரியின் டீசரை ஓடவிட்டோம். நான்காவது விநாடியில் சார் விரலும் வந்தது. அவரே அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். மூலையில் சின்னதாகச் சின்னம், முதல் விநாடியிலேயே கரியைக் கிளறும் சத்தம் என்று சமாதானம் ஆனது. யூடியூபில் ஏற்றிய பிறகு, பார்த்தவர்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்று காட்டும் கோட்டைத் தினமும் திறந்து பார்ப்போம். தொடக்கத்தில் அது சரியவில்லை. நடுவில், நான் எழுதி நானே பேசிய ஒரு தத்துவ வசனம் வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்தது. அந்த வசனத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றினோம். அது வலித்தது, இன்றும் கொஞ்சம் வலிக்கிறது. நல்ல வசனம்.

மார்ச் 10 வாக்கில் போஸ்டர்களை ஒட்டினோம். ஏ3 அளவில் நாற்பது பிரதி. நாங்களே மைதாப் பசை காய்ச்சி, கல்லூரிச் சுவர், கேன்டீன், பக்கத்து டீக்கடை, ஜெராக்ஸ் கடை என்று. ஒன்றை அக்காவின் வண்டியின் முன் பலகையில். 'மார்ச் 20, மாலை 5 மணி, அனுமதி இலவசம்'.

மார்ச் 16 அன்று கல்லூரிகளையும் தியேட்டர்களையும் மூடச் சொல்லி அரசு அறிவித்தது. முதலில் 31ஆம் தேதி வரை என்றார்கள். ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனோம். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆட்களை வரவைக்க மூன்று போஸ்டர் மாற்றிய திரையிடல் நடக்கவே இல்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு பல மாதம் கழித்து, விட்டுவிட்டுக் கேட்ட இணையத் தொடர்பில் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எங்கள் அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டு, கட்டை விரல், இஸ்திரி அக்கா எல்லாவற்றையும் தாண்டி வந்து, "டேட்டா எங்கே, ஒரு சார்ட்கூட இல்லையே?" என்றார். நல்லவேளை, அந்த நீலத் தோசையைப் பின்னிணைப்பில் சேர்த்திருந்தோம். அதைப் பார்த்ததும் திருப்தியாகிவிட்டார்.

சான்றிதழ் வாங்க மதுரைக்குத் திரும்பியபோது அக்காவைப் பார்க்கப் போனேன். வண்டி மாதக்கணக்கில் சாத்திக் கிடந்து அப்போதுதான் திறந்திருந்தார்கள். ஆபீஸ் போகிறவர்கள் வீட்டில் இருந்ததால் சட்டை தேய்க்க ஆளில்லை, பாதி வருமானம்கூட இல்லை என்றார். போஸ்டர் வெயிலில் வெளுத்து, கங்கின் சிவப்பு முழுக்கப் போய், கையும் தாளின் மூலையும் மட்டும் மிச்சம் இருந்தன. தேதி இருந்த இடத்தை வெட்டிவிட்டிருந்தார்.

"துணி குடுக்க வர்றவுக எல்லாம் அந்தப் பேப்பர்ல என்னனு கேக்குறாக தம்பி."

"நீங்க என்னக்கா சொல்வீங்க?" என்றேன். யூடியூப் லிங்க்கை அவருக்கு அனுப்பியிருந்தேன். அதைப் பார்க்கவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"ஆளப் பாத்துச் சொல்லுவேன். டீச்சரம்மாவுக்கு, புருஷன் வாங்குன கடன் பத்திரம்னு சொன்னேன். மாடி வீட்டுப் பொண்ணுக்கு லவ் லெட்டர். போன வாரம் ஒரு பெரியவரு கேட்டாரு, மகன் எழுதுனதுன்னேன். அவரு ஒண்ணும் பேசல, சட்டைய வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு."

பெட்டியைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்துவிட்டு, "நெசமா என்னதான் எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார்.